மூணு மாத்திரை போட்டும் பிபி இறங்கலன்னா எங்க தேடணும்

ஒரு மாத்திரைல ஆரம்பிச்சு ரெண்டாகி மூணாகி, அப்பவும் மிஷின்ல 160, 170ன்னே காட்டுதுன்னு ஒருத்தர் சொன்னா, சுத்தி இருக்கிறவங்க உடனே சொல்றது "டென்ஷன் ஆகாதீங்க". அடுத்தது "உப்பைக் குறைங்க". அதுக்கப்புறம் நாலாவது மாத்திரை. எங்க அக்காவுக்குப் பல வருஷம் இதுதான் நடந்துச்சு, அவங்க விஷயத்தைக் கீழ சொல்றேன். பிபி கட்டுப்படலன்னா அந்த ஆளுக்கு மனசு சரியில்ல, வாயைக் கட்டலன்னு நாம ரொம்ப சுலபமா முடிவு பண்ணிடுறோம், ஆனா நிறைய பேருக்கு தேடினா கிடைக்கிற காரணம் ஒண்ணு ரெண்டாவது இருக்கும், அதைத் தேடாமலே வருஷம் ஓடிடுது. அந்த ஆதங்கத்துலதான் எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, படிச்சும் டாக்டர்கள்கிட்ட கேட்டும் தெரிஞ்சுகிட்டதுதான் இதெல்லாம், அதனால இதைப் படிச்சுட்டு எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்தவும் வேண்டாம் கூட்டவும் வேண்டாம்.

முதல்ல ஒரு கணக்கு. வேற வேற வகையைச் சேர்ந்த மூணு மருந்து, தாங்குற அளவுக்கு முழு டோஸ்ல, அதுல ஒண்ணு நீர் மாத்திரை, இவ்வளவும் போட்டு பிபி இலக்குக்கு வரலன்னாதான் டாக்டர்கள் ரெசிஸ்டன்ட் ஹைப்பர்டென்ஷன்னு சொல்றாங்க. அமெரிக்க வழிகாட்டில அந்தக் கோடு 130/80, ஐரோப்பாவுல 140/90. நாலு மாத்திரை போட்டு கட்டுக்குள்ள இருந்தாலும் அதே பேர்தான். டெல்மிசார்டன் மாதிரி ஒண்ணு, ஆம்லோடிபின் ஒண்ணு, குளோர்தாலிடோன் மாதிரி நீர் மாத்திரை ஒண்ணு, இதுதான் வழக்கமான மூணு. நிறைய பேர் சீட்டைப் பார்த்தா நாலு மாத்திரை இருக்கும் ஆனா நீர் மாத்திரையே இருக்காது, இல்லன்னா எல்லாமே பாதி டோஸ்ல இருக்கும். அப்படின்னா இன்னும் கட்டுப்படாத பிபின்னு பேர் வைக்கவே கூடாது, மருந்தே முழுசா போகல.

அடுத்தது அளக்குற விதம். இது அல்பமான விஷயமா தெரியும், ஆனா கட்டுப்படலன்னு வர்றவங்கள்ல கணிசமான பேருக்கு கோளாறு இங்கதான். எப்படி அளக்குறாங்கன்னு ஒரு தடவை கவனிச்சுப் பாருங்க, மாடி ஏறி மூச்சு வாங்க வந்து உக்கார்றோம், உடனே கையை நீட்டச் சொல்றாங்க, சட்டைக் கை மேலயே கஃப் சுத்துறாங்க, கை அந்தரத்துல தொங்குது, கால் மேல கால், முதுகுக்கு சாய்மானம் இல்ல, அளந்துட்டு இருக்கும்போதே "சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா"ன்னு பேச்சு. இதுல ஒவ்வொண்ணும் சில பாயின்ட் கூட்டும், எல்லாம் சேர்ந்தா 20 கூட ஏறும். சரியான முறைன்னா அரை மணி நேரத்துக்கு முன்னாடி காபி, சிகரெட் கூடாது, சிறுநீர் கழிச்சுட்டு வந்து அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரணும், முதுகு சாஞ்சிருக்கணும், பாதம் ரெண்டும் தரைல, வெறும் கைல கஃப், கை மேஜை மேல நெஞ்சு மட்டத்துல. கஃப் அளவு இன்னும் முக்கியம். உள்ள காத்து ரொம்புற பை மேல்கை சுத்தளவுல முக்கால் பங்குக்கு மேல, 80 சதவீதம் வரைக்கும் சுத்தி வரணும். ரொம்ப பருமனான கைக்கு சாதாரண சைஸ் கஃப் கட்டினா மேல் நம்பர் 20 பாயின்ட் வரைக்கும் கூடுதலா காட்டும், அந்த இல்லாத 20க்காக ஒருத்தர் வருஷம் பூரா இன்னொரு மாத்திரை சாப்பிடுவார்னு நினைச்சாலே கஷ்டமா இருக்கு.

அதே மாதிரி டாக்டர் முன்னாடி உக்காந்தா மட்டும் ஏறுற பிபி. இது நடிப்போ கோழைத்தனமோ இல்ல, உடம்பு தானா பண்றது, நாலு மாத்திரை போடுறவங்களுக்கும் இருக்கும். அதனாலதான் வீட்ல அளந்து பார்க்கச் சொல்றாங்க. மணிக்கட்டுல கட்டுற மிஷின் வேண்டாம், மேல்கைல கட்டுறது வாங்குங்க, காலைல மாத்திரைக்கு முன்னாடி ரெண்டு தடவை, ராத்திரி ரெண்டு தடவை, நடுவுல ஒரு நிமிஷம் விட்டு, ஒரு வாரம் எழுதி வெச்சு முதல் நாளை விட்டுட்டு மிச்சத்துக்கு சராசரி எடுங்க. அந்த சராசரி 135/85க்கு கீழ இருந்தா உங்க விஷயம் வேற, டாக்டர் முன்னாடி மட்டும் ஏறுற பிபியா இருக்கலாம். இன்னும் உறுதியா தெரியணும்னா 24 மணி நேர மானிட்டர் இருக்கு, தூங்கும்போதும் அளக்கும், ராத்திரில பிபி இறங்குதா இல்லையான்னு அதுல மட்டும்தான் முழுசா தெரியும்.

மாத்திரை ஒழுங்கா போடுறதில்லங்கிறது அடுத்த காரணம். இதைக் குத்தமா கேட்டா யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க. ஆம்லோடிபின் சில பேருக்கு கணுக்கால் வீங்க வைக்கும், ராமிப்ரில் வகை வறட்டு இருமல் கொடுக்கும், நீர் மாத்திரை போட்டா பஸ்ல ஏறவே பயம், சில மருந்து தாம்பத்யத்துல பிரச்சனை பண்ணும், அதை வாய்விட்டு சொல்ல கூச்சப்பட்டு மாத்திரையையே நிறுத்திடுறாங்க. இதுக்கெல்லாம் மாத்து மருந்து இருக்கு, சொன்னாதான் டாக்டர் மாத்துவார். மூணையும் ஒரே மாத்திரைல சேர்த்தும் வருது, எண்ணிக்கை குறைஞ்சா மறதியும் குறையும். ஆனா குளோனிடின் போடுறவங்க மட்டும் ரொம்ப உஷார், அதைத் திடீர்னு விட்டா பிபி முன்ன இருந்ததை விட மேல எகிறும்.

இப்போ நான் அடிச்சு சொல்ல விரும்புற விஷயத்துக்கு வர்றேன், வேற நோய்க்கு சாப்பிடுற மருந்து. முட்டி வலி, இடுப்பு வலிக்கு கைல கிடைச்ச டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் போடாதவங்க யாரு? கிட்னிக்குப் போற ரத்த ஓட்டத்தை சீரா வெச்சிருக்கிற ஒரு பொருளை உடம்பே தயாரிக்குது, இந்த வலி மாத்திரைங்க அதைத்தான் தடுக்குது, உடனே உப்பும் தண்ணியும் உடம்புல தங்கும், பிபி ஏறும், அது மட்டுமில்லாம டெல்மிசார்டன், ராமிப்ரில், நீர் மாத்திரை இதுங்களோட வேலையையும் மட்டுப்படுத்தும். ஒரு பக்கம் பிபிக்கு மூணு மாத்திரை, இன்னொரு பக்கம் அதைக் கெடுக்க ஒரு மாத்திரை, ரெண்டும் ஒரே டப்பாவுல கிடக்குது. ராமிப்ரில் வகை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூணும் ஒண்ணா சேர்ந்தா கிட்னியே திடீர்னு அடி வாங்கலாம், வயசானவங்களுக்கு இன்னும் ஆபத்து. பாராசிட்டமால் பரவாயில்லன்னு எல்லாரும் நினைக்கிறோம், எப்பவாவது ஒண்ணு போட்டா பரவாயில்லதான், ஆனா 2022ல எடின்பரோ பல்கலைக்கழகத்துல ஏற்கனவே பிபி இருக்கிறவங்களுக்கு தினமும் 4 கிராம் ரெண்டு வாரம் கொடுத்துப் பார்த்ததுல மேல் நம்பர் கிட்டத்தட்ட 5 பாயின்ட் ஏறிச்சு. அதுலயும் தண்ணில போட்டா நுரைச்சு கரையுற வகை இருக்கே, அதுல ஒரு மாத்திரைக்கு 400 மில்லிகிராம் கிட்ட சோடியம் இருக்கும், நாள் முழுக்க போட்டா சாப்பாட்டுல உப்பைக் குறைச்சதுக்கு அர்த்தமே இல்ல.

மூக்கடைப்பு மாத்திரைல வர்ற சூடோஎபெட்ரின், ஃபினைலெஃப்ரின், கருத்தடை மாத்திரை, ஸ்டீராய்டு, மன அழுத்தத்துக்குத் தர்ற வென்லாஃபாக்சின், உறுப்பு மாத்தினவங்க போடுற சைக்ளோஸ்போரின், கிட்னி நோயாளிகளுக்கு ரத்தம் ஊற போடுற எரித்ரோபாய்டின் ஊசி, இதெல்லாமும் ஏத்தும். இதுல சிலது கட்டாயம் தேவைப்படுற மருந்து, நிறுத்த முடியாது, ஆனா பிபி பார்க்கிற டாக்டருக்கு அது தெரிஞ்சிருக்கணும். அப்புறம் அதிமதுரம். மூலிகைதானேன்னு இருமலுக்கு தினம் மென்னுட்டோ கஷாயம் குடிச்சுட்டோ இருக்கிறவங்க இதை டாக்டர்கிட்ட சொல்லவே மாட்டாங்க, ஏன்னா அவங்க கணக்குல அது மருந்தே இல்ல. அதுல இருக்கிற கிளைசிரைசின் உடம்புல உப்பைப் பிடிச்சு வெச்சு பொட்டாசியத்தை வெளிய தள்ளும்.

உப்பு பத்தி "குறைங்க"ன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டு போறதுதான் எனக்குப் பிடிக்காது, எவ்வளவுன்னு யாரும் சொல்றதில்ல. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு கீழ, ஒரு டீஸ்பூன் கூட முழுசா இல்ல, அதுவும் பாக்கெட்டுல வர்றது, வெளிய சாப்பிடுறது எல்லாத்தையும் சேர்த்து. கட்டுப்படாத பிபி இருக்கிறவங்களுக்கு உப்பு மத்தவங்களை விட ரொம்ப பலமா வேலை செய்யுது. 2009ல வந்த ஒரு ஆய்வு, மொத்தமே 12 பேர்தான், சின்ன ஆய்வு, ஆனா அதே ஆட்களை ஒரு வாரம் ரொம்ப குறைவான உப்புலயும் ஒரு வாரம் நிறைய உப்புலயும் வெச்சுப் பார்த்தப்போ மேல் நம்பர்ல 22 பாயின்டுக்கு மேல வித்தியாசம் வந்துச்சு, அது ஒரு மாத்திரை செய்யுறதை விட ஜாஸ்தி. நீங்க உண்மையிலேயே எவ்வளவு உப்பு சாப்பிடுறீங்கன்னு தெரிய 24 மணி நேர சிறுநீரைப் பிடிச்சு சோடியம் அளக்கலாம், வாக்குவாதமே வேண்டாம். பொட்டாசியம் கலந்த மாத்து உப்பு நல்லதுதான், ஆனா கிட்னி பலவீனமா இருக்கிறவங்களும் டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போடுறவங்களும் கேக்காம தொடக்கூடாது, பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பே தடுமாறும். குடி, உடல் எடை ரெண்டும் தெரிஞ்ச கதைதான், எடை கூடினவங்களுக்கு அடுத்து சொல்றதும் சேர்ந்தே வரும்.

குறட்டை. பக்கத்துல படுக்கிறவங்கதான் இதுக்கு சாட்சி. நல்லா குறட்டை விட்டுட்டு இருப்பாங்க, திடீர்னு சத்தமே நின்னுடும், மூச்சே இல்லாத மாதிரி சில விநாடி, அப்புறம் திணறி ஒரு பெரிய மூச்சு, மறுபடி குறட்டை. தொண்டை வழி மூடி ஆக்சிஜன் இறங்குது, ஒவ்வொரு தடவையும் உடம்பு ஆபத்துன்னு நினைச்சு அட்ரினலினைக் கொட்டுது, ராத்திரில இறங்க வேண்டிய பிபி இறங்கவே மாட்டேங்குது. காலைல தலைவலி, பகல்ல உக்காந்த இடத்துல தூக்கம், ராத்திரி அடிக்கடி பாத்ரூம். பெண்களுக்கு குறட்டையை விட அசதியும் தூக்கம் கெடுறதும்தான் முன்னாடி தெரியும், அதனால இன்னும் லேட்டாதான் பிடிபடும். தூக்க டெஸ்ட் பண்ணி உறுதியானா, முகமூடி வழியா காத்தை அழுத்தி தொண்டை மூடாம பார்த்துக்கிற சிபாப் மெஷின் தருவாங்க. நேர்மையா சொல்லணும்னா மெஷினால பிபி சராசரியா சில பாயின்ட்தான் இறங்கும், ராத்திரி முழுக்க மாட்டினாதான் அதுவும், ஆனா தூக்கமும் பகல் நேரமும் திரும்பக் கிடைக்கும்.

இப்போ அக்கா விஷயம். முப்பத்தஞ்சு வயசு தாண்டுறதுக்குள்ள பிபி வந்துடுச்சு, மாத்திரை ஏறிட்டே போச்சு, ராத்திரி கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும், படி ஏறினா தொடை சோர்ந்து போகும். எல்லாரும் டென்ஷன்னாங்க. வீட்டு வேலை, ஆபீஸ் வேலை, பிள்ளைங்கன்னு டென்ஷன் இல்லாத பெண் யாரு, அதனால அவங்களும் நம்பிட்டாங்க, நாம சரியா இல்ல போலன்னு தன்னையே திட்டிப்பாங்க. அப்புறம் ஒரு டாக்டர் பழைய ரிப்போர்ட்டை எல்லாம் வரிசையா மேஜைல பரப்பி பொட்டாசியத்தை மட்டும் பேனாவால வட்டம் போட்டார். 3.4, 3.2, 3.3. எல்லா ரிப்போர்ட்டுலயும் பக்கத்துலயே குறைவுன்னு அச்சடிச்சிருந்துச்சு. நீர் மாத்திரையாலயும் பொட்டாசியம் குறையும், ஆனா அதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த ரிப்போர்ட்டுலயும் குறைவுதான். அதுக்கப்புறம்தான் ஆல்டோஸ்டிரோன், ரெனின்னு ரெண்டு ரத்த டெஸ்ட் எழுதினார்.

கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ரெண்டு அட்ரினல் சுரப்பி உக்காந்திருக்கு, அதுல சுரக்கிற ஆல்டோஸ்டிரோன்தான் உடம்புல உப்பைத் தங்க வைக்கிற ஹார்மோன். அதைச் சுரக்கத் தூண்டுறது கிட்னி விடுற ரெனின். உடம்புல உப்பு போதுமான அளவு இருந்தா ரெனின் இறங்கும், கூடவே ஆல்டோஸ்டிரோனும் இறங்கணும். சில பேருக்கு சுரப்பி இந்தக் கட்டுப்பாட்டை மதிக்காம தானா சுரந்துட்டே இருக்கும், அதனால ரத்தத்துல ரெனின் அடியில கிடக்கும், ஆல்டோஸ்டிரோன் மட்டும் ஏறி நிக்கும். 1954ல அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஜெரோம் கான்ங்கிற டாக்டர், பிபியும் தசை பலவீனமும் குறைஞ்ச பொட்டாசியமும் இருந்த 34 வயசுப் பெண்ணுக்கு இதைக் கண்டுபிடிச்சார், அட்ரினல் கட்டியை எடுத்ததும் அவங்களுக்கு சரியாச்சு. அதுலருந்து ரொம்ப காலம் இது அபூர்வமான நோய், பொட்டாசியம் குறைஞ்சாதான் சந்தேகப்படணும்னு ஒரு நினைப்பு. ரெண்டுமே தப்புன்னு இப்போ தெரியும். இது இருக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு பொட்டாசியம் நார்மலாவே இருக்கும். கட்டுப்படாத பிபி இருக்கிறவங்கள்ல சுமார் அஞ்சுல ஒருத்தருக்கு இது இருக்கு. அஞ்சுல ஒருத்தர்! 2025ல வந்த எண்டோக்ரைன் சொசைட்டி வழிகாட்டி பிபி இருக்கிற எல்லாருக்குமே இந்த டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்னு சொல்லுது. ஏன்னா அதே அளவு பிபி இருக்கிற மத்தவங்களை விட இவங்களுக்கு இதயத் துடிப்பு கோளாறும் பக்கவாதமும் அதிகமா வருது.

டெஸ்ட் பாசிட்டிவ்னா சிடி ஸ்கேன், அப்புறம் தேவைப்பட்டா அட்ரினல் ரத்தக்குழாய்லருந்து நேரா ரத்தம் எடுத்து எந்தப் பக்கம் சுரக்குதுன்னு பார்ப்பாங்க. ஒரு பக்கம்னா ஆபரேஷன், ரெண்டு பக்கம்னா மாத்திரை. அக்காவுக்கு ரெண்டு பக்கம். ஆல்டோஸ்டிரோனோட வேலையைத் தடுக்கிற ஸ்பைரோனோலாக்டோன் ஆரம்பிச்சாங்க, கொஞ்ச நாள்லயே கால் இழுக்குறது நின்னுச்சு, பிபி மெதுவா இறங்கி மத்த மாத்திரைல ரெண்டு குறைஞ்சுது. முழுசா மருந்தே இல்லாம ஆகல. ஆனா "உன் டென்ஷனால இல்லம்மா"ன்னு அந்த டாக்டர் சொன்னதுல அவங்க அழுதுட்டாங்க, எனக்கு அந்த அழுகைதான் மனசுல நிக்குது. அந்த டெஸ்டுக்கு முன்னாடி சில மாத்திரையை நிறுத்தணுமா வேண்டாமாங்கிறது டாக்டர் முடிவு பண்ண வேண்டியது, நீங்களா நிறுத்திடாதீங்க.

கிட்னி பக்கமும் பார்க்கணும். ரத்தத்துல கிரியாட்டினின்ங்கிற கழிவு, அதோட சிறுநீர்ல அல்புமின்ங்கிற புரதம், ரெண்டையும் அளந்து பார்க்காம கிட்னி நல்லா இருக்குன்னு சொல்லவே முடியாது. கிட்னி பலவீனமானா பிபி ஏறும், பிபி ஏறினா கிட்னி இன்னும் பலவீனமாகும். கிட்னிக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கினாலும் இதே கதை, 1934லயே ஹாரி கோல்ட்பிளாட் நாயோட கிட்னி ரத்தக்குழாயை க்ளிப் போட்டு இறுக்கி பிபி ஏறுறதைக் காட்டினார், ஏன்னா ரத்தம் குறைவா வந்ததும் மொத்த உடம்புலயும் பிபி குறைஞ்சிடுச்சுன்னு கிட்னி நினைச்சு ரெனினை விடுது. வயசானவங்களுக்கு, அதுலயும் புகை பிடிச்சவங்களுக்கு கொழுப்பு படிஞ்சு சுருங்கும், இளம் வயசு, நடு வயசுப் பெண்களுக்கு ரத்தக்குழாய் சுவரே கோணலா வளர்ற ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா இருக்கலாம். ராமிப்ரில் மாதிரி மருந்து ஆரம்பிச்சதும் கிரியாட்டினின் சடசடன்னு ஏறினா இதை சந்தேகப்படுவாங்க. சுருக்கம் இருந்தா உடனே ஸ்டென்ட்டுன்னு இல்ல, கொழுப்பால வர்ற சுருக்கத்துக்கு ஸ்டென்ட் வெச்சதால மருந்தை விட பெரிய லாபம் இல்லன்னு 2014ல கோரல் ஆய்வு காட்டுச்சு. ஃபைப்ரோமஸ்குலர் வகைக்கு பலூன் வெச்சு விரிச்சா நல்ல பலன் கிடைக்குது.

மிச்சம் எல்லாம் அபூர்வம், ஆனா அடையாளம் இருந்தா விடக்கூடாது. தலைவலி, திடீர் வியர்வை, படபடப்பு மூணும் அலை அலையா வந்து போனா ஃபியோக்ரோமோசைட்டோமாங்கிற கட்டிக்கு மெட்டானெஃப்ரின் டெஸ்ட். முகம் உருண்டு, வயித்துல ஊதா நிறக் கோடு விழுந்தா, கார்டிசோல் ஹார்மோன் கூடிப் போற குஷிங் நோயான்னு பார்க்கணும். தைராய்டு ரெண்டு பக்கமும் பண்ணும், குறைஞ்சா கீழ் நம்பரை ஏத்தும், கூடினா மேல் நம்பரை. சின்ன வயசுப் பிள்ளைக்கு கைல பிபி ஏறி கால்ல குறைஞ்சிருந்தா மகாதமனி சுருக்கம், அதனால இளம் வயசுக்காரங்களுக்கு ஒரு தடவையாவது கால்லயும் அளந்து பார்க்கணும்.

இவ்வளவு தேடியும் எதுவும் கிடைக்காதவங்களும் இருக்காங்க, அவங்களுக்கும் வழி இருக்கு. 2015ல பிரிட்டன்ல நடந்த பாத்வே-2 ஆய்வுல, மூணு மாத்திரைக்கு மேல நாலாவதா எதைச் சேர்த்தா நல்லா இறங்குதுன்னு பைசோப்ரோலால், டாக்சாசோசின், ஸ்பைரோனோலாக்டோன் மூணையும் ஒப்பிட்டாங்க, ஸ்பைரோனோலாக்டோன்தான் தெளிவா ஜெயிச்சுது. ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம், அப்படின்னா எப்லெரினோனுக்கு மாத்தலாம், பொட்டாசியத்தை மட்டும் ரத்த டெஸ்ட்ல பார்த்துட்டே இருக்கணும். கிட்னி ரொம்ப பலவீனமானா வழக்கமான நீர் மாத்திரை வேலை செய்யாதுன்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு, 2021ல கிளிக் ஆய்வு குளோர்தாலிடோன் அவங்களுக்கும் வேலை செய்யும்னு காட்டிடுச்சு. கிட்னி ரத்தக்குழாயைச் சுத்தி இருக்கிற நரம்பைச் சூடுபடுத்தி அடக்குற சிகிச்சைக்கு அமெரிக்காவுல 2023 நவம்பர்ல அனுமதி கொடுத்தாங்க, அதுலயும் இறங்குறது மிதமாதான், மாத்திரையை முழுசா விடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது மாத்திரை டப்பாவை அப்படியே பைல போட்டு எடுத்துட்டுப் போங்க, வலி மாத்திரை, மூலிகைப் பொடி, சத்து மாத்திரை எல்லாம் சேர்த்து, கூடவே வீட்ல எழுதின ஒரு வார பிபி, பழைய பொட்டாசியம் ரிப்போர்ட். "எனக்கு ஆல்டோஸ்டிரோன், ரெனின் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா"ன்னு கேக்குறதுக்கு தயங்க வேண்டாம். 180/120க்கு மேல காட்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சு முட்டல், ஒரு பக்கம் கை கால் செயலிழப்பு, பேச்சு குழறல், பார்வை மங்கல் இதுல எது இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, அவசர சிகிச்சைக்குப் போயிடுங்க. வேற எந்தத் தொந்தரவும் இல்லன்னா அஞ்சு நிமிஷம் உக்காந்து மறுபடி அளந்து பாருங்க, அப்பவும் அதே அளவு இருந்தா அன்னிக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க, வீட்ல இருக்கிற மாத்திரையை ரெண்டா போட்டு இறக்கப் பார்க்காதீங்க.